சிவநாதனுக்குக் கல்யாணமே ஆகவில்லை

சிவநாதன் எழுந்தான். அடுப்பைப் பற்றவைத்தான். டீ போட்டான். குடித்தான். அடுப்பை அணைத்தான், சிலிண்டரையும் மூடினான். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து, மூடியாயிற்றா என்று பார்த்தான். பிறகு தலத்தெரு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலகத்துக்குக் கிளம்பினான்.

அவன் மனைவி எழில்மதி தீயணைப்பு வீராங்கனை. சித்திரையில் கீழவாஞ்சூர் பக்கம் ஒரு கிடங்கு எரிந்தபோது உள்ளே போனவள் திரும்பவில்லை. குடும்ப ஓய்வூதியம் கணவனுக்கு வரும். ஆனால் அவன் மறுமணம் செய்யவில்லை என்று சான்று வேண்டும். அதற்காக முந்தின நாள் தெருவில் விசாரித்துவிட்டுப் போயிருந்தார் புது அலுவலர் சஃபியுல்லா.

"உங்களுக்கு பென்ஷன் வராது போலிருக்கே" என்றார் அவர்.

"ஏன் சார்?"

"உங்களுக்குக் கல்யாணமே ஆகலையாம். எதிர்வீட்டம்மா சொன்னாங்க. பொண்ணுங்க பக்கமே திரும்ப மாட்டீங்களாம். தெரு சொல்றதத்தான் நான் எழுதணும். அப்ப உங்க கல்யாணச் சான்று போலின்னு ஆகுது."

எழில்மதிக்குப் புருஷனே கிடையாது என்று அரசாங்கம் எழுதிவிடும். சிவநாதன் அலுவலரைக் கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கே திரும்பினான்.

எதிர்வீட்டு வடிவாம்பாள் சஃபியுல்லாவைக் கண்டதும் முகமெல்லாம் பல்லானாள். "வாங்க வாங்க! பொண்ணு போட்டோ கொண்டாந்தீங்களா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"தேய்ச்ச சட்டை, கையில பை, 'பையன் எப்படி, கல்யாணம் ஆச்சா'ன்னு கேட்டா வேற யாரு? பொண்ணு வீட்டுக்காரங்கதானே! ரெண்டாந்தாரம்னா ஓடிருவீங்கன்னு ஒரு பொய் சொன்னேன்."

"நானும்தான் சொன்னேன்" என்றார் பக்கத்து வீட்டுக் காத்தமுத்து, பெருமையாக. "டீ கூடக் குடிக்க மாட்டாப்லன்னேன்."

"யம்மா, எம் பொண்ணு எல்கேஜி படிக்குது!" என்றார் சஃபியுல்லா.

சிவநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காத்தமுத்துவுக்குப் புரையேறியது. சஃபியுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணைத் தாளில் எழுதியிருந்த பழைய வரியை அடித்தார்.

"இப்ப நெசத்தச் சொல்லுங்க. புருஷன் பொண்டாட்டியாத்தான் இருந்தாங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க!" என்றாள் வடிவாம்பாள். "அன்னைக்கு எழில்மதி வேலைக்குப் போறப்ப தெருமுனையில ஸ்கூட்டிய நிறுத்தி, அங்கேருந்து கத்துனா பாருங்க. பொண்டாட்டியத் தவிர யாரு அப்படிக் கத்துவா?"

"என்னன்னு?"

வடிவாம்பாள் வாயைத் திறப்பதற்குள் சிவநாதன் முந்திக்கொண்டான். இடுப்பில் கை வைத்து, எழில்மதியின் குரலிலேயே, தெருமுனை வரை கேட்கும்படி:

"யோவ் சிவநாதா! சிலிண்டர மூடுனியா இல்லியா? தீப்புடிச்சா நான் வரமாட்டேன்யா, வேற வண்டியக் கூப்புட்டுக்க!"