சின்னமனூர்க்காரர் கொடுத்த படுக்கை

சுந்தரலிங்கத்தைக் கட்டிலிலிருந்து தூக்கி நடுவீட்டு பெஞ்சில் கிடத்திய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத ஏர் பெட்டின் குழாய்கள் ஒன்று விட்டு ஒன்று காற்றை ஏற்றி இறக்கின. தூக்கியவர்கள் நாடிக்கட்டு போடத் துணி தேடிக்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரிதான் போய் சுவிட்சை அணைத்தாள். மாசக்கணக்காக ராப்பகலாக ஓடிய சத்தம் நின்றதும் வீடு யாரோ வீடு மாதிரி ஆகிவிட்டது.

அவள் அந்த வீட்டு மருமகள். மாமனார் சுந்தரலிங்கம் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து துடைத்தது, ஊட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அவள்தான். மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. பால் பாக்கெட் சொல்ல வேண்டும், மகள் திரிஷாவைப் பக்கத்து வீட்டில் விட வேண்டும் என்றுதான் புத்தி போனது.

சாவு வீட்டில் ஆளாளுக்கு அதிகாரி. செத்தவரின் தங்கை மொக்கம்மாள் ஒப்பாரியை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏத்தா முனீசு, அண்ணன் படுத்துக் கிடந்தது பூராவும் சுடுகாட்டுக்குப் போயிறணும். பாயி, தலகாணி, இந்த ரப்பர் மெத்தையும்."

"அது நம்ம சாமான் இல்ல சின்னம்மா. திருப்பிக் குடுக்கணும்."

"செத்த வீட்டு மெத்தைய எவ வாங்குவா? கிறுக்கச்சி மாதிரிப் பேசாத."

மொக்கம்மாள் திரும்பி ஒப்பாரிக்குப் போனதும் முனீஸ்வரி படுக்கையின் அடைப்பைத் திறந்து, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றினாள். சுருட்டி, மோட்டாரோடு ஓர் உரச்சாக்கில் போட்டு மச்சில் ஏற்றிவிட்டாள்.

உத்தமபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு டைப் அடிக்கிற வேலை. கடைக்கு நெட் வந்த பிறகுதான் 'கைக்குக் கை' என்கிற இணையதளம் பழக்கமானது. தேனிப் பக்கத்துப் பையன்கள் யாரோ வெளியூரில் இருந்துகொண்டு நடத்தினார்கள். வேண்டாத சாமானைப் போடலாம், வேண்டியதைக் கேட்கலாம், மாற்றிக்கொள்ளலாம். காசு பேசக் கூடாது. வாங்கியதை விற்கக் கூடாது. தேவை தீர்ந்ததும் இன்னொருவருக்குத் தள்ளிவிட வேண்டும். கூடலூரில் இருந்து ஆண்டிபட்டி வரைக்கும் குக்கரும் தொட்டிலும் பாடப் புத்தகமும் அதில் கைமாறிக்கொண்டிருந்தன.

மாமனாரின் முதுகில் புண் வைத்தபோது ஏர் பெட் வேண்டும் என்று போட்டாள். சின்னமனூரிலிருந்து அம்மாவாசி என்பவர் கொண்டுவந்தார். பதிலுக்கு திரிஷா ஓட்டி முடித்த மூன்று சக்கர சைக்கிள். அவர் வீட்டுக்குள் வரவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம் என்று வாசலிலேயே நின்றார். சன்னலோரம் கிடந்த மாமனார் கோணிய வாயால் கேட்டார்.

"இதுல படுத்திருந்தவுக இப்ப எப்படியிருக்காக?"

அம்மாவாசி தன் செருப்பைப் பார்த்தார். "எங்கய்யாதான். நல்லாயிருச்சு. எந்திரிச்சு நடக்காக. தோட்டத்துக்கே போறாக."

தொப்பியைத் தூக்கி வேர்வையைத் துடைத்தபோது மொட்டை தெரிந்தது. "பழனிக்கு நேந்திருந்தோம்" என்றார்.

அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமனாருக்கு அந்தப் பேச்சுதான். "சின்னமனூர்க்காரரே நடக்காராம்ல" என்று சொல்லிவிட்டு வலது கால் பெருவிரலை அசைத்துக் காட்டுவார். அது அசைந்ததா என்று முனீஸ்வரி உற்றுப் பார்த்ததில்லை. "ஆமா மாமா, அசையுது" என்று சொல்லிவிடுவாள்.

பிறகு 'கைக்குக் கை'யில் கர்ணன் வந்தான். ஜெயமங்கலத்துக்காரன். அவனும் ஏர் பெட் கேட்டுப் போட்டிருந்தான். அம்மாவுக்கு முதுகெல்லாம் புண், எலும்பு தெரிகிறது என்று எழுதியிருந்தான். போனில் பேசினாள்.

"இப்ப மாமா படுத்திருக்காக. தேவையில்லாதப்ப சொல்றேன்."

"ஆண்டிபட்டியில ஒன்னு கிடைச்சுச்சுக்கா. செத்தவுக படுத்ததுன்னு தெரிஞ்சதும் அம்மா தொடக்கூட மாட்டேன்னுட்டாக. வெறும் பாயிலயே கிடக்காக."

அதன் பின் ஞாயிறு தவறாமல் போன் செய்து, "மாமாவுக்கு எப்படியிருக்கு?" என்பான். அந்த விசாரிப்பின் அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் சீக்கிரமே வைத்துவிடுவார்கள்.

பகல் சாய்ந்து தேர் கிளம்பியது. பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். மொக்கம்மாள் வெறும் கட்டிலைப் பார்த்தாள்.

"மெத்தையப் போட்டுவிட்டியாத்தா?"

"ம்."

ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார்கள். அவள் கணவன் விஜயகுமார் வாசலில் நின்று தலைத்துண்டை எடுத்தான். மீசையும் இல்லை. திரிஷா அவனைப் பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

"ஏம்மா, அப்பாவுக்கு மொட்ட?"

முனீஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வாசலில் நின்ற அம்மாவாசியின் முகத்திலும் மீசை இல்லை. பழனிக்குப் போய் வந்தவர் வீட்டுக்குள் வரக் கூசுவானேன், தண்ணீரை வேண்டாம் என்பானேன். இத்தனை மாதமும் இது தனக்குத் தோன்றாமல் போனதை நினைத்தாள். கோபம் வரவில்லை. மாமனாருக்கும் தெரியாமலேதானே போனது என்பது மட்டும் ஆறுதலாக இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விளக்கு வைத்த நேரத்துக்குப் போன் அடித்தது.

"அக்கா, கர்ணன். மாமாவுக்கு எப்படியிருக்கு?"

"படுக்கைய எடுத்துக்கங்க தம்பி."

"அக்கா..." என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா பக்கத்துலதான் இருக்காக. கேப்பாக. நீங்களே சொல்லிருங்கக்கா."

போன் கைமாறியது. மூச்சு வாங்கும் குரல் ஒன்று வந்தது.

"குடுக்குறியே தாயி, உன் மாமனாருக்கு நல்லாயிருச்சா?"

நடுவீட்டில் தலைமாட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மொக்கம்மாள் அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இவள் பக்கம் திரும்பினாள்.

"நல்லாயிருச்சும்மா. எந்திரிச்சு நடக்காக" என்றாள் முனீஸ்வரி. "தோட்டத்துக்கே போறாக."

மாமனார் கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. மொக்கம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரியைத் தூண்டிவிட்டாள்.

பால் ஊற்றி முடித்த மறுநாள் காலையில் விஜயகுமார் உரச்சாக்கை வண்டியின் பின்னால் வைத்துக் கட்டினான். முனீஸ்வரி சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுத்த தொப்பி ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள்.

"வீட்டுக்குள்ள போயிறாதீக. வாசல்லயே குடுத்துருங்க. தண்ணி கொண்டாந்தாலும் வேணாம்னுருங்க."

"சரி."

"அந்தம்மா சன்னல் வழியாப் பாத்துட்டு என்னமும் கேட்டாக்க, பழனிக்கு நேந்திருந்தோம்னு சொல்லுங்க."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. தொப்பியை வாங்கி மாட்டினான். முடியில்லாத தலையில் அது தொளதொளவென்று நின்றது. முனீஸ்வரி அவன் பின்னால் போய், தொப்பியின் பட்டையை ஒரு ஓட்டை இறுக்கிவிட்டாள்.