பின்சக்கரத்தைப் பிடித்தது யார்

மூன்றாவது முறை ஓட்டிப் பார்த்தும் கார் சூடாகத்தான் திரும்பி வந்தது. தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல் பாஞ்சாலி விரலை நனைத்துப் பின்சக்கரத்துக்குள் நாலு சொட்டுத் தெளித்தாள். சுர்ரென்று ஆவி எழுந்தது. முன்சக்கரத்தில் தெளித்தாள். தண்ணீர் பேசாமல் வழிந்தது.

"பின்னாடி மட்டும் தோசை வாக்கலாம், காசிம் பாய்."

காசிம் சிரிக்கவில்லை. தருமபுரி சேலம் ரோட்டில் அவனுடைய ஒர்க்‌ஷாப். கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பது பாஞ்சாலியின் வேலை. கல் உடைப்பதை விட்டுவிட்டு இங்கே வந்து ஏழு வருஷம் ஆகிறது. இடுப்பு வலி மட்டும் கூடவே வந்துவிட்டது.

கார் நூர் பாஷாவுடையது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் வாங்கி டாக்சியாக ஓட்டினார். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கட்டைகள் இடுக்கிப் பிடிக்கும். பின்னால் மூடிய டிரம்; அதற்குள் கட்டைகள் விரிந்து சுவரை அழுத்திப் பிடிக்கும். ஆடி மாசம் தொப்பூர் இறக்கத்தில் அந்த டிரம் காய்ந்து பிடி விட்டுப்போனது. ஒரு குடும்பமே உள்ளே இருக்க, முன்பிரேக்கை மட்டும் நம்பி, ஓரச் சுவரில் உரசி நிறுத்தினார். அதற்கப்புறம் அவர் சேலம் சவாரி ஏற்றவில்லை. சேலம் போகாத டாக்சியை யார் கூப்பிடுவார்கள்?

காசிம்தான் ஆசை காட்டினான். பெங்களூர் பழைய இரும்புக் கடையில் அதே கம்பெனியின் பெரிய கார் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதன் நாலு சக்கரத்திலும் டிஸ்க். பின்பக்க ஜோடியைக் கழற்றி வந்து, அதைத் தாங்க லேத்தில் பட்டை கடைந்து, இந்தக் காருக்குப் பொருத்தினான். வண்டி நன்றாக நின்றது. நின்றபின் கிளம்பத்தான் மாட்டேன் என்றது.

"நாளைக்குக் காலையில ஓசூர்க்காரர் வண்டியக் கேட்டு வர்றாரு," என்றார் நூர் பாஷா. "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தொப்பூர் எறக்கத்துல எறக்கிக் காட்டு, காசிம். இல்லீன்னா குடுத்துட்டு மச்சானோட வெத்தல மண்டியில போய் உக்காந்துக்கறேன்."

"உங்களுக்கு வெத்தலையில காம்பு எதுன்னே தெரியாதே, பாய்."

"வண்டி வுட்டவனுக்கு அதக் கத்துக்க எத்தன நாளாவும்? நீ வேலையப் பாரு."

காசிம் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினான். சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. சக்கரத்தில் பிரேக் எண்ணெயைத் திறந்துவிடுகிற சிறு திருகைத் தளர்த்தினான். பீச்சென்று எண்ணெய் தெறித்தது. சக்கரம் உடனே லேசாகச் சுழன்றது.

"இப்ப யாரு பிரேக்க மிதிச்சா?" என்றாள் பாஞ்சாலி.

"யாரும் மிதிக்கல."

"அப்ப எண்ணெய் ஏன் அப்படிப் பாயுது?"

காசிம் திருகை மூடி, ஒருமுறை மிதித்துக் காலை எடுத்தான். சக்கரம் மறுபடி இறுகிக்கொண்டது. போன எண்ணெய் திரும்பி வரவில்லை. வழியில் எதுவோ மறிக்கிறது. பாஞ்சாலிக்கு உதட்டில் மண்ணெண்ணெய் ருசி தட்டியது.

எதைக் கழுவினாலும் ஓட்டையில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பது அவள் வழக்கம். காற்று அந்தப் பக்கம் வந்தால் சுத்தம்.

"பாய், பெடல்கிட்ட இருக்கற பெரிய சிலிண்டர்ல ரெண்டு ஓட்டை இருக்குதுங்களே. முன்சக்கரத்துக்குப் போறதுல ஊதினா உள்ள போவுது. பின்சக்கரத்துக்குப் போறதுல ஊதினா கன்னந்தான் உப்புது."

"அதென்ன நாதஸ்வரமாக்கா, ஊதிப் பாக்கறதுக்கு?"

"அழுக்குன்னு மூணு வாட்டி கழுவினேன். கம்பெனியில இருந்தே அப்பிடித்தான்னு நீங்கதான் சொன்னீங்க."

காசிம் சிலிண்டரைக் கழற்றினான். பின்சக்கர ஓட்டைக்குள்ளே சட்டைப் பித்தான் அளவில் ஒரு ரப்பர் மூடி, பின்னால் சிறு ஸ்பிரிங். வெளியே போவதை விடும். திரும்பி வருவதில் கொஞ்சத்தை நிறுத்தி வைத்துக்கொள்ளும்.

"டிரம் இருந்தப்ப மட்டும் எப்பிடிப் புடிக்காம ஓடிச்சு?" என்றான் அவன், தனக்குத்தானே.

பாஞ்சாலி கட்டைவிரலைக் காட்டினாள். நகத்தில் கறுப்புக் காயம். "டிரம்முக்குள்ள கட்டையப் பின்னுக்கு இழுக்கற ஸ்பிரிங் இருக்குதுல்ல? எத்தன வாட்டி என் விரல நசுக்கியிருக்கு! இந்தத் தட்டுல நான் அப்பிடி ஒண்ணையும் கழுவலியே."

காசிம் அவளையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தான். "நின்னுபோன எண்ணெய மீறிக் கட்டைய இழுக்க இங்க ஸ்பிரிங்கே இல்ல," என்றான். பிறகு குறடால் ரப்பர் மூடியைப் பிடுங்கினான்.

நூர் பாஷா பதறினார். "டேய், கம்பெனிக்காரன் சும்மாவா வெச்சான்?"

"டிரம்முக்காக வெச்சான், பாய். டிரம்தான் இல்லியே."

எண்ணெய் ஊற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிக் கிளம்பும்போது மணி நாலு. பாஞ்சாலி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

"நீ எங்கம்மா?"

"ஊதினது நானுங்க. நான் பாக்க வேணாமா?"

நல்லம்பள்ளி தாண்டியது. தீய்ந்த வாடை இல்லை. தொப்பூர் இறக்கம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி மூவரும் இறங்கினார்கள். பாஞ்சாலி பின்சக்கரத்துக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனாள். பால் சொம்பின் வெதுவெதுப்பு. மறுபக்கமும் அப்படியே.

நூர் பாஷா தொட்டுப் பார்க்கவில்லை. கீழே வளைந்து போகும் ரோட்டையும் அதில் ஊர்ந்த லாரிகளையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு காசிமைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஸ்டீயரிங்கைத் தானே பிடித்தார்.

முதல் வளைவில் மிதித்தார். பிடித்தது. விட்டார். விட்டது. நாலாவது வளைவில், சுவரில் காரின் பச்சைப் பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்த இடத்தில், வேண்டுமென்றே அழுத்தி மிதித்தார். மூவரும் முன்னே சாய்ந்தார்கள். கார் அசையாமல் நின்றது. காலை எடுத்ததும் தானாக உருண்டது.

"டிரம்முக்கு மட்டும் அந்த மூடி எதுக்குங்க?" என்றாள் பாஞ்சாலி.

"தெரியலக்கா," என்றான் காசிம். "தெரிஞ்சா மொதல்லயே எடுத்திருப்பேனே."

அடிவாரம் வந்தது. திரும்புவதற்கு இடம் பார்த்துக் காசிம் கை காட்டினான். நூர் பாஷா வண்டியைத் திருப்பவில்லை.

"எங்க, பாய்?"

"சேலத்துக்கு. பஸ் ஸ்டாண்டுல தருமபுரிக்கு ஆள் நிக்கும். ஏம்மா, வூட்டுல தேட மாட்டாங்களே?"

"தேடட்டுங்க," என்றாள் பாஞ்சாலி. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.