எச்சிலும் இருபது படங்களும்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எச்சில் வாங்கும் வேலை என்னுடையது. வருகிறவர்கள் ஒரு குழாயில் துப்ப வேண்டும். பிறகு கணினியில் இருபது படம் பார்த்து, நினைவில் நின்றதைச் சொல்ல வேண்டும். எச்சிலில் பதற்றத்தின் ரசாயனம் எவ்வளவு, எத்தனை படம் சொன்னார்கள் என்று பார்த்து, ஆளுக்கு எவ்வளவு ஞாபகசக்தி என்று கணினியே கணித்துவிடும். அப்படிக் கணிக்கும் மாடலை உருவாக்கியவர் எங்கள் டாக்டரம்மா.

கூடத்தில் பதிவாளர் வேலைக்கு ஆள் எடுத்தபோதும் இதே சோதனைதான். ஓட்டலில் பரிமாறி நொந்துபோன என் தங்கை இந்த வேலையை மலைபோல் நம்பியிருந்தாள். ஆறு படம்தான் சொன்னாள்.

"உங்க ஏரியா ஆளுங்களுக்கு ஞாபகம் கம்மின்னு மாடல் சொல்லுது. நான் என்ன பண்றது?" என்றார் டாக்டரம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது மேசைக்கும் யார் என்ன கேட்டார்கள் என்று எழுதாமலே ஒப்பிப்பவள் அவள்.

"கார்ல வர்றவங்க நேரம் வாங்கிட்டு முன்வாசல்ல நேரா வர்றாங்க. நடந்து வர்றவங்களை வாட்ச்மேன் பின்வாசல் பெஞ்சுல ரெண்டு மணி நேரம் உட்கார வெக்கிறார், போனையும் வாங்கிக்கிறார். இவ காய்ச்சல்ல கிடக்குற குழந்தையைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தா. படமா மனசுல நிக்கும்?"

டாக்டரம்மா எழுந்தார். தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்று அவர் மகனுக்குப் பரீட்சை முடிவு. அரை மணி நேரத்தில் நகம் கடித்தார். ஒரு மணி நேரத்தில், "ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேனே" என்று கெஞ்சினார். நானா கொடுப்பேன்? இரண்டு மணி நேரம் கழித்து, அவரும் பார்த்திராத இருபது படத்தைக் காட்டியதில் ஏழுதான் சொன்னார். அதில் ஒன்று, காட்டவே காட்டாத பூனை. நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

மறுவாரம் தங்கைக்கு நேரம் கொடுத்து, போனோடு முன்வாசல் வழியாக அழைத்தார். புதிதாக இருபது படம். பதினெட்டு சொன்னாள்.

கணினி ஒப்புக்கொள்ளவில்லை. 'இரண்டு முடிவுகளும் ஒரே நபருடையவை அல்ல' என்று சிவப்பில் காட்டியது. தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலை கைநழுவிப் போயிற்று என்றே நானும் நினைத்தேன்.

டாக்டரம்மா நிதானமாகத் தட்டினார்: 'ஒரே ஆள்தான். தவறு எங்களுடையது.' பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தங்கை பக்கம் தள்ளினார்.

"உட்காரும்மா. பெஞ்சுல காத்திருந்தவங்க பேரெல்லாம் எடு. ஒவ்வொருத்தரா திரும்பக் கூப்பிடு."