மூக்கோரத்துத் தகடு

பெரியவள் குட்டி ரசமட்டத்தை எடுத்து, விமானத்தின் மூக்கோரம் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த தகட்டின் மேல் வைத்துப் பிடித்தாள். குமிழி நடுவில் நின்றது.

"முள் எங்க இருக்கு?"

"பூஜ்யத்துல," என்றாள் உள்ளே உட்கார்ந்திருந்த சின்னவள்.

பெரியவள் முள்ளின் திருகாணியை இறுக்கினாள். அக்கா இந்தக் கொட்டகையில் வருஷக்கணக்காக ஒட்டியும் தட்டியும் கட்டிய விமானம். விடிந்தால் தங்கை முதன்முதலாக ஓட்டப்போகிறாள். கட்டியவளுக்குப் பறக்கத் தெரியாது, பறப்பவளுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது. நல்ல ஜோடிதான். அந்தத் தகடு காற்று வரும் திசைக்குத் திரும்பும். இறக்கை அந்தக் காற்றை எவ்வளவு சாய்வில் சந்திக்கிறது என்று முள் காட்டும். பதினைந்து பாகையைத் தாண்டினால் காற்று பிடி கொடுக்காது, விமானம் விழும். அதனால் பதினைந்தில் ஒரு சிவப்புக் கோடு.

சின்னவளுக்குச் சும்மா இருக்க வராது. சிறுவயதில் கடிகாரத்தைப் பிரித்துப் பரப்பிவிட்டு, மணி என்ன என்று கேட்டவள்.

"அக்கா, இங்கேருந்து பார்த்தா கதவே தெரியல. கூரைதான் தெரியுது."

"வால் சக்கரம் சின்னதுடி. நிக்கும்போது மூக்கைத் தூக்கிட்டுத்தான் இருக்கும். ஓட ஆரம்பிச்சா வால் எழும்பிடும்."

"மூக்கைத் தூக்கிட்டு நிக்குது, சரி. அப்ப முள் ஏன் பூஜ்யத்துல இருக்கு?"

பெரியவள் இறக்கையையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இறக்கையை வைத்துப் பார்க்க வேண்டிய பூஜ்யத்தைத் தரையை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

இருவரும் வாலைத் தூக்கி முக்காலியில் வைத்தார்கள். இறக்கை மட்டத்துக்கு வந்தது. தகட்டின் மேல் மறுபடி ரசமட்டம். சின்னவள் எட்டிப் பார்த்தாள். முள் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டில் கிடந்தது.

"நான் விழப்போற நேரத்துல இது எவ்ளோ காட்டியிருக்கும்?"

"பதினஞ்சுல பன்னெண்டு போனா மூணு."

"மூணேதானா!" என்றாள் சின்னவள். அந்தக் குரலில் பயமே இல்லை, தெரிந்துகொண்ட சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. முக்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அழுததெல்லாம் போதும். திருகாணியைக் கழட்டு."

காலையில் பெரியவள் ஓடுபாதை ஓரம் நின்றாள். முக்காலியை எதற்குத் தூக்கிவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விமானம் வானத்தைப் பார்த்தபடியே ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, யாரோ அடியில் கைகொடுத்த மாதிரி, மெல்ல வால் எழுந்தது.