மேல் போர்ஷன் அழைப்பு

வாடகை நாற்காலிகளை வாசலில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏம்மா, அவருக்கு முடியலைன்னதும் எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? உயிரோட ஒரு தடவ முகத்தப் பாத்திருப்பேனே."

அவன் கையில் நாற்காலி பாதி விரிந்தபடி நின்றது. அம்மா கேட்டது பேக்கரி அக்காவை. பேக்கரியில் வேலை பார்க்கிறவள்; ஊரின் மறுகோடியில் அவர்கள் வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் மேல் போர்ஷன்காரி. காலையில் அங்கே குழாயைப் பார்க்கப் போன அப்பா, அவள் வீட்டுக் கட்டிலில்தான் உயிரை விட்டார்.

அவன் சட்டைப்பையில் போன் கிடந்தது. அவளுடைய அழைப்புகள் அதில் வரிசையாக இருந்தன. ஒன்றைக்கூட அவன் எடுக்கவில்லை.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஆயுசு முழுக்க உழைத்துக் கட்டியது அந்த இரண்டு போர்ஷன் வீடு. முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மகனிடம் விட்டார், கூடவே புத்திமதியையும்.

"ஆள் குடி வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமையும் போட்டோ புடிச்சு வெச்சுக்கோ. அக்ரிமெண்ட் போடாம சாவியக் கண்ணுல காட்டாதே. ரிப்பேர்னு போன் வந்தா உடனே எடுக்காதே. ரெண்டு நாள் விடு, பாதி ரிப்பேர் தானா சரியாயிடும்." சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

மற்றதெல்லாம் மறந்துபோனாலும் அந்தக் கடைசிப் பாடம் மட்டும் மகனுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பேக்கரி அக்கா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவனும் பிளம்பர் நாளைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று காது குத்திக்கொண்டிருந்தான். விஷயம் எப்படியோ அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. போனைக்கூட எடுத்துக்கொள்ளாமல், யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல், ஸ்பானரும் கையுமாகக் கிளம்பிப் போய்விட்டார்.

அன்று காலை அலுவலகத்தில் இவன் மேஜைமேல் போன் அதிர்ந்தது. திரையில் 'மேல் போர்ஷன்'. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"எடுங்களேன், ஏதாவது அவசரமா இருக்கப் போவுது," என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"என்ன பெரிய அவசரம்? சொட்டுச் சொட்டா ஒழுகற குழாய்க்கு இந்த அமர்க்களம். வீட்டை வாடகைக்கு விட்டவன் காது கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கணும்." போனைக் கவிழ்த்து வைத்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பை மட்டும் எடுத்தான். பேசியது ஆம்புலன்ஸ் டிரைவர்.

உள்ளே பேக்கரி அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுவாள். அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால். அவனுக்குக் காது மடல் சுட்டது.

"சிக்னலே கெடைக்கலம்மா," என்றாள் அவள். "எத்தன தடவ போட்டும் போகல. ஆம்புலன்ஸ் மட்டும் எப்படியோ கெடச்சுது."

"பக்கத்து வீட்ல வாங்கிப் பேசறது?" சித்தப்பாவின் குரல் எகிறியது. "ஒரு மனுஷன் உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கான். இப்படியா அசட்டையா இருப்பாங்க?"

"தப்புதாங்க," என்றாள்.

உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலே எட்டுதான். அவன் நாற்காலியை முழுதாக விரித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான்.

மறுநாள், எல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்தபின், அப்பாவின் செருப்பை எடுத்துவரும் சாக்கில் அங்கே போனான். அவள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னென்னவோ யோசித்துக்கொண்டுதான் படியேறினான். வாயில் வந்தது பாதிதான்.

"நேத்து நீங்க... சிக்னல் இல்லேன்னு..."

"உங்களுக்காகச் சொல்லல தம்பி." கொடியிலிருந்து கிளிப்பைக் கழற்றியபடியே சொன்னாள். "அம்மாவுக்கு அன்னிக்கு ஒரு துக்கம் போதும்னு பட்டுது."

அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பா ஏதாவது..."

காற்று துணிகளைப் படபடவென்று அடித்தது.

"எடுத்தானா, எடுத்தானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எடுத்துட்டாரு, கெளம்பி வந்துக்கிட்டே இருக்காருன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ஆபீஸ்ல வேலையா இருந்திருப்பான், வண்டிய மெதுவா ஓட்டிட்டு வரச் சொல்லுன்னாரு."

அவன் மாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கொடியில் கடைசியாக இருந்த பெரிய விரிப்பை இழுத்தாள். கட்டிலில் அப்பாவுக்கு அடியில் கிடந்த விரிப்பு அது. காற்றில் உப்பி ஒரு முனை அவள் கைக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. அவன் போய் அந்த முனையைப் பிடித்தான். அவள் தன் பக்கத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். இரண்டு பேரும் உதறினார்கள். மடித்து, மறுபடி மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள்.

அவன் கையிலிருந்த முனைகளை அவள் வாங்கிக்கொள்ள நின்றாள். அவன் இன்னும் கொடுக்கவில்லை.