எனக்கென்று கேட்ட கார்டு

பணி முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தவளின் கண்ணில் முதலில் பட்டது ஒரு வானவில். கூடத்து மூலையில், கணினி மேசையின்மீது, புத்தம் புதிய விசைப்பலகை ஒன்று சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தது. அதன் முன்னே கொழுந்தன் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் அவள் கணவன், தன் தம்பி ஏதோ விமானத்தை ஓட்டிக் காட்டப் போகிறவன்போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்க அண்ணி, கரெக்டா வந்துட்டீங்க. கண்ண மூடுங்க."

அவள் மூடவில்லை. காலை முதல் அடுத்தவர் கண்களுக்காகத் தன் கண்களைத் தேய்த்துவிட்டு வந்தவள் அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில், வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்கு விளிம்பு தீட்டிப் பொருத்துவது அவளுடைய வேலை. ஒரு மயிரிழை கூடினால் வில்லை உள்ளே இறங்காது. ஒரு மயிரிழை குறைந்தால் கழன்று விழும். அத்தகைய வேலை செய்பவளுக்கு, வேண்டிய பொருளுக்குப் பதிலாக வேறொன்று வந்திருப்பதை அறிய அதிக நேரம் பிடிக்குமா?

"கிராபிக்ஸ் கார்டு எங்க, தம்பி?" என்றாள்.

"அது கெடக்கட்டும் அண்ணி. இங்க பாருங்க." கொழுந்தன் பொத்தானை அழுத்தினான். திரை உடனே விழித்துக்கொண்டது. "பாத்தீங்களா? முன்னாடி இத ஆன் பண்ணிட்டு நீங்க சமையலே முடிச்சிடுவீங்க. இப்ப பளிச்சுனு வருது. புது எஸ்எஸ்டி டிஸ்க்கு. கூட, லைட்டு எரியற கீபோர்டு. பாப்பா இருட்டுலகூடப் படிக்கலாம்."

"இருட்டுல எதுக்கு அவ படிக்கணும்? வீட்ல லைட்டு இல்லையா?"

கணவன் சிரித்தான். கொழுந்தனும் சிரித்தான். அவள் கேள்வியைக் கேள்வியாகவே கேட்டாள் என்பது இருவருக்கும் விளங்கவில்லை.

அந்தக் கணினி அவளுடையது. கடை முதலாளி புதியன வாங்கியபோது கழித்துப் போட்ட பழைய பெட்டியை, எடைக்குப் போகவிருந்த கடைசி நேரத்தில் அவள் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கிழடானாலும் மூளை நன்றாகவே இருந்தது. விளையாட்டுகளை ஓட்டுவதற்கு மட்டும் அதற்குத் தெம்பு போதவில்லை. திரையில் படங்களைத் தடையின்றி ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை, பழையதானாலும், சொருகிவிட்டால் போதும் என்று அவள் பல நாள் விசாரித்து அறிந்திருந்தாள். மிகைநேரம் நின்று சேர்த்த பணத்தைக் கொழுந்தனிடம் கொடுத்தவள், வாங்க வேண்டிய கார்டின் பெயரையும் எழுதியே கொடுத்திருந்தாள். தானே கடைக்குப் போயிருக்கலாம். ஆனால், "அவன் கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கான், அவன விட்டுட்டு நீ போய் ஏமாந்துட்டு வரணுமா?" என்று கணவன் தடுத்துவிட்டான். கொழுந்தன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பது மெய்யே. அங்கே அவன் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தான்.

"நான் எழுதிக் குடுத்தேனே, தம்பி. என்ன வாங்கணும்னு."

"பாத்தேன் அண்ணி. அதெல்லாம் கேம் ஆடறவங்க வாங்கறது."

"கேம் ஆடத்தான் கேட்டேன்."

"யாரு ஆட?"

"எனக்குன்னுதானே சொன்னேன்?"

கொழுந்தன் தன் அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தான். "நீங்க எனக்குன்னு சொன்னா, பாப்பாவுக்குன்னுதானே அர்த்தம் அண்ணி? போன தடவ எனக்குன்னு மிக்ஸி கேட்டீங்க. நாங்க எல்லாருந்தான சாப்பிட்டோம்?"

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. எனக்கு என்ற சொல் தமிழில் எல்லார் வாயிலும் ஒரே பொருளைத் தருகிறது. அவள் வாயிலிருந்து புறப்பட்டால் மட்டும் வழியிலேயே வேறு யாருக்கோ என்று மாறிவிடுகிறது. இந்த விந்தையை எந்த இலக்கணத்தில் போய்த் தேடுவது?

"சரி, விடு. சும்மா மூஞ்சத் தூக்கி வச்சுக்காத," என்றான் கணவன். "வேகமா இருந்தாப் போதாதா?"

அவள் நாற்காலியைக் காட்டினாள். கொழுந்தன் எழுந்தான். அவள் அமர்ந்து, தன் விளையாட்டைத் திறந்தாள். அது முன்னைக் காட்டிலும் விரைவாகத் திறந்தது. திறந்தபின், முன்னைப் போலவே நொண்டியது. கோட்டை மதிலின்மேல் நின்ற அவளுடைய வீரன் தலையைத் திருப்பினான், உறைந்தான், மீண்டும் திருப்பினான். வாசல் விரைவாகத் திறந்துகொண்டது. உள்ளே இருந்தவனுக்கு முடக்குவாதம் அப்படியே இருந்தது.

ஞாயிறு மாலை அந்த இணைய விளையாட்டின் தகுதிச் சுற்று. ஐவர் கொண்ட அணி அவர்களுடையது. தலைவனுக்கு மேஸ்திரி என்று பெயர்; அவளுக்குப் பருந்து. உயரத்தில் நின்று நெடுந்தாழ்வாரத்தைக் காவல் காப்பது அவள் பொறுப்பு. கடையில் அவள் சொன்னால் வாடிக்கையாளர் முதலாளியின் முகத்தைப் பார்ப்பர். வீட்டில் அவள் சொல்வது சொன்னபடி போய்ச் சேராது. அந்தக் கோட்டையில் மட்டும், பகைவன் இடப்பக்கம் வருகிறான் என்று அவள் தட்டச்சு செய்தால், நால்வரும் மறுபேச்சின்றி இடப்பக்கம் திரும்புவர். அவள் ஒரு நாளும் ஒலிவாங்கியில் பேசியதில்லை. ஆகவே அவளை அவர்கள் பருந்தண்ணே என்று அழைத்தனர், அவளும் விட்டுவிட்டாள். சென்ற ஆட்டத்தில் மிக முக்கியமான வேளையில் பெட்டி உறைந்து, அணி தோற்றது. மறுநாள் மேஸ்திரி செய்தி அனுப்பியிருந்தான்: "பருந்தண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமையும் சிக்குச்சுன்னா வேற ஆளப் போட்டுருவேன். பசங்க கேக்கறாங்க."

வானவில்லைக் கண்ட மறுநாள், சனிக்கிழமை காலை, கணவன் எழுமுன்பே அவள் பெட்டியைத் திறந்தாள். புதிய டிஸ்க்கைக் கழற்றி, கொழுந்தன் ஓரமாக வைத்திருந்த பழையதை அதன் இடத்தில் பூட்டினாள். கோபத்தில் திருகிய திருகொன்று சோபாவுக்கடியில் ஓடி ஒளிந்தது. அதையும் திட்டினாள்.

பழைய மின்பொருள் விற்கும் கடை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அகலம் உடையது. சுவரெங்கும் கம்பிச் சுருள்கள் தொங்கின. உடல் முழுவதும் தூசியாக இருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த எஸ்எஸ்டிய எடுத்துக்கிட்டு ஒரு கிராபிக்ஸ் கார்டு குடுங்க. ஒரு நாளுதான் ஓடியிருக்கு. கார்டு, தனியா பவர் ஒயர் கேக்காததா இருக்கணும். என் பெட்டில அந்த ஒயர் கெடையாது."

"பையனுக்காக்கா?"

"எனக்குப் பையன் இல்ல."

"அப்ப தம்பிக்கா?"

"தம்பியும் இல்ல."

"சாருக்கா?"

"சாருக்கு சீட்டாட்டமே ஒழுங்கா வராது. எனக்குங்க. எனக்கு! நான் உக்காந்து, நான் விளையாட!"

பின்னால் நின்ற ஒருவர் பேட்டரியைக் கீழே நழுவவிட்டார். கடைக்காரர் உள்ளே போய், விசிறி ஒன்று பதித்த குட்டையான கார்டைக் கொண்டுவந்து, தம் மேசைக் கணினியில் சொருகி ஓட்டியும் காட்டினார். டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். அவள் கூடவே கொண்டுவந்திருந்த மின்னும் விசைப்பலகையை மட்டும் இரு விரல்களால் திருப்பித் தள்ளினார்.

"இது வேணாங்க்கா. லைட்டு போயிட்டா வெறும் பலகை. அப்புறம், ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. பெட்டிக்குப் பின்னாடி ஒரே மாதிரி ரெண்டு ஓட்டை இருக்கும். மேல இருக்கறது பெட்டியோடது. கீழ இருக்கறது கார்டோடது. ஸ்க்ரீன் ஒயர கீழதான் சொருகணும். மேல சொருகினீங்கன்னா கார்டு சும்மா படுத்துத் தூங்கும்."

அன்று மாலையே பூட்டிப் பார்த்தாள். கோட்டை தண்ணீராய் ஓடியது. வீரன் தலையைத் திருப்பினான். தாழ்வாரம் முழுவதும் ஒரே வீச்சில் கண்முன் விரிந்தது. அவள் சிரிக்கவில்லை. இவ்வளவு எளிய ஒன்றுக்கா இத்தனை பாடு என்று எண்ணியபோது, அடங்கியிருந்த ஆத்திரம் புதிதாகப் பொங்கியது.

ஞாயிறன்று கொழுந்தன் மீண்டும் வந்தான். அவள் குளித்துவிட்டு வந்தபோது அவன் மேசைக்கருகே நின்றிருந்தான். அவளைக் கண்டதும் காபிக் குவளையுடன் சோபாவில் போய் அமர்ந்தான். நேரமாகிவிட்டது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமர்ந்தாள்.

மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவர் மேலே போவர். முதற்சுற்று தொடங்கியது. பகைவர் இருவர் தாழ்வாரத்தில் நுழைந்தனர். அவள் திரும்பினாள்.

வீரன் உறைந்தான்.

மீண்டும் அசைந்தபோது அவன் தரையில் கிடந்தான். தொடர்ந்து நால்வரும் வீழ்ந்தனர். சுற்று போயிற்று.

"என்னண்ணே இது!" மேஸ்திரியின் குரல் காதில் வெடித்தது. "நேத்து சரியாயிடுச்சுன்னீங்களே! நான் வேற ஆளக் கூப்பிடவா?"

நேற்று ஓடியது இன்று ஓடவில்லை. இடையில் நேர்ந்தது யாது? அவள் எழுந்து, பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்தாள். திரையின் கம்பி மேல் ஓட்டையில் இருந்தது.

"இத யாரு தொட்டது?"

"நான்தான் அண்ணி," என்றான் கொழுந்தன், காபியை உறிஞ்சியபடி. "ஒயர் எடம் மாறி கீழ இருந்துச்சு. எப்பவும் மேலதான இருக்கும்? எடுத்துச் சரியா சொருகிட்டேன். இதுக்கெல்லாம் என்னக் கூப்பிடக்கூடாதா?"

அதன்பின் அவள் பேசியது அந்த வீட்டுச் சுவர்கள் அதுவரை கேட்டறியாதது.

"உங்கள யாரு தொடச் சொன்னா? கேட்டத வாங்கித் தர மாட்டீங்க, கேக்காதத வாங்கித் தருவீங்க. நான் சரியா மாட்டினத வந்து தப்பா மாட்டிட்டு, சரி பண்ணிட்டேன்னு காபி வேற குடிப்பீங்க! என் பெட்டி, என் காசு, என் ஆட்டம். இதுல உங்க கை எதுக்கு வருது?"

"ஏய், மொதல்ல சத்தத்தக் குறை," என்றான் கணவன். "அவன் நல்லதுக்குத்தான..."

"நீங்க பேசாதீங்க! நல்லதுக்கு, நல்லதுக்குன்னே என் வாயில மண்ணப் போடறீங்க!"

கொழுந்தனின் குவளை பாதி வழியில் நின்றது. அவள் மண்டியிட்டு மேசைக்கடியில் புகுந்தாள். தூசி மூக்கில் ஏறியது. கம்பியைப் பிடுங்கிக் கீழ் ஓட்டையில் அழுத்திவிட்டு, முழங்காலில் அழுக்குடன் எழுந்து ஹெட்போனைக் காதில் பொருத்தினாள். அன்றைய அவசரத்தில் ஒலிவாங்கியை அணைக்க அவள் மறந்திருந்தாள்.

"பருந்தண்ணே..." மேஸ்திரி மெல்ல அழைத்தான். "அங்க யாரோ ஒரு அம்மா பயங்கரமா கத்தறாங்க. ஏதாச்சும் பிரச்சினையா?"

"அந்த அம்மா நான்தான்."

அணியில் எவனோ, "அய்யய்யோ" என்றான்.

"அப்ப... பருந்தக்காவா?"

"பருந்து. அவ்வளவுதான். ஆள மாத்தணும்னா இப்பவே மாத்து. இல்லன்னா ரெண்டாவது சுத்த ஆரம்பி. வள வளன்னு பேசிட்டு இருக்காத."

"ஆரம்பிச்சிட்டேன்க்கா," என்றான் மேஸ்திரி.

கோபம் கையை நடுங்கச் செய்யும் என்பார்கள். அவளுக்கோ, விளிம்பு தீட்டும் சக்கரத்தின்முன் அமர்ந்தாற்போல் மணிக்கட்டு நிலைத்து நின்றது. பகைவர் அதே தாழ்வாரத்தில், அதே துணிச்சலோடு நுழைந்தனர்; முன்னே உறைந்தவன்தானே என்ற அலட்சியம் அவர்கள் நடையில் தெரிந்தது. அவள் திரும்பினாள். படம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. முன்னே வந்தவன் வீழ்ந்தான்; அவன் ஏன் வீழ்ந்தான் என்று பார்க்க நின்றவனும் வீழ்ந்தான். "இடது பக்கம், படிக்கட்டு, ஒருத்தன்!" என்று இப்போது வாய்விட்டே கத்தினாள். நால்வரும் இடப்பக்கம் திரும்பினர். அண்ணன் சொன்னால் எப்படித் திரும்புவார்களோ, அப்படியே.

இரண்டாம் சுற்று அவர்களுடையது. மூன்றாவதில் அணியில் அவளும் மேஸ்திரியும் மட்டுமே எஞ்சினர். பிறகு அவள் மட்டும். கடைசிப் பகைவன் மதிலின் மறுபுறம் பதுங்கியிருந்தான். அவள் காத்திருந்தாள். அவன் தலை நீட்டினான். அவ்வளவுதான்.

காதுகளில் நால்வரின் கூச்சல் நிறைந்தது. அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கித் திரும்பினாள். கொழுந்தன் சோபாவின் நுனிக்கே வந்திருந்தான்.

"ஜெயிச்சிட்டீங்க போல. பாத்தீங்களா அண்ணி, அந்த எஸ்எஸ்டி போட்டதோட பலன..."

"அது இந்தப் பெட்டிலயே இல்ல, தம்பி. நேத்தே வித்தாச்சு."

கணவன் தொண்டையைச் செருமினான். "சரி சரி, ஆடினது போதும். எழுந்திரு. பாப்பா உக்காந்து படிக்கட்டும்."

உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "எனக்கு வேணாம்ப்பா! எனக்குன்னு யாரு சொன்னது? அது அம்மாவோடது. அம்மா அன்னிக்கே எனக்குன்னு சொன்னாங்க. உங்களுக்குத்தான் காது கேக்கல."

அவள் எழுந்தாள். அலமாரியில் கிடந்த வானவில் விசைப்பலகையை, அதன் அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து கொழுந்தன் மடியில் வைத்தாள்.

"இது உங்களுக்கு," என்றாள். "இருட்டுல படிங்க."

அவன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அவள் திரும்பி வந்து அமர்ந்து, ஹெட்போனை மீண்டும் மாட்டினாள். மேஸ்திரி அடுத்த சுற்றின் நாளைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆளை மாற்றும் பேச்சை அவன் எடுக்கவேயில்லை. மற்றவர்கள் அக்கா, அக்கா என்று ஆளுக்கொரு பக்கம் பாராட்டினர். அவள் முகம் சற்றே இளகத் தொடங்கியது.

"சூப்பர்க்கா," என்றான் அவர்களில் ஒருவன், மிகுந்த அன்போடு. "இப்ப நல்லா ஓடுதே! கம்ப்யூட்டர் பையனோடதாக்கா?"

அவள் போட்ட சத்தத்தில், நான்கு வீடுகளில் நால்வர் ஒரே நேரத்தில் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்திருப்பர்.