இலைச்சுருட்டைக்கு இடம் கொடுத்த வருஷம்

எங்கள் பக்கத்தில் வைரஸ் செடிக்குள் நுழையும் முன் அனுமதி கேட்கும். மிளகாய்க்கு வருவது இலைச்சுருட்டை வைரஸ். அதற்குக் கால் கிடையாது என்பதால் வெள்ளை ஈயின் மேல் ஏறி வந்து, வரப்போரம் நின்று, "வரலாமா?" என்று கேட்கும். செடிகள் வேண்டாம் என்று சொல்லும். அது அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே எங்களுக்கு நாற்பது சென்ட் கரிசல். நானும் என் வீட்டுக்காரர் கோயில்பிள்ளையும் அதில் மிளகாய் போடுகிறோம். அந்த வருஷம் ஆறாவது பாத்தியில் ஒரு செடி மட்டும் வரச்சொல்லிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, கேட்ட விதம் நன்றாக இருந்தது என்றது. பத்து நாளில் அதன் இலை சுருண்டு, வளர்த்தி நின்றுபோனது. கோயில்பிள்ளை பிடுங்கப் போனார். செடி வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னது. பொறுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் மழை நின்றுவிட்டது. அதோடு பிடுங்கும் யோசனையும் நின்றது. மார்கழியில் கிணற்று வாளி தரை தட்டியது. நெடுநெடுவென்று வளர்ந்திருந்த நல்ல செடிகள் காலை பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டன. சுருண்ட செடி மட்டும் அப்படியே நின்றது. அதற்குத் தேவையே குறைவு. போதாததற்கு, வெயில் ஏறும் முன்பே வைரஸ் எழுந்து இலையில் ஈரம் வெளியேறும் வாசல்களைச் சாத்திவிடுகிறது என்று செடி சொன்னது.

மற்ற செடிகள் மூன்று நாள் தங்களுக்குள் பேசின. பிறகு எங்களைக் கூப்பிட்டு, வைரஸை வரச்சொல்ல வேண்டும் என்றன. கோயில்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய அண்ணன் தோட்டம் முழுவதும் இலைச்சுருட்டையில்தான் போனது. அண்ணன் திருப்பூருக்குப் போனவர், திரும்பவில்லை. இருந்தாலும் கேட்டது செடிகள். அவர் ஆறாவது பாத்தியில் குத்தவைத்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

வைரஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, நான் நல்லவன் இல்ல," என்றது. "இப்போ செடி செத்தா எனக்கும் வீடு இல்ல. அந்தப் பயத்துலதான் ஒழுங்கா இருக்கேன். மழை பெஞ்சா இப்படி இருக்க மாட்டேன்."

"பெஞ்சா நீரே வந்து சொல்லும்," என்றார் கோயில்பிள்ளை.

செடிகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. சம்மதித்தன. மறுநாள் அவர் பக்கத்து ஊர் வரை போய், தூக்குவாளியில் வெள்ளை ஈ பிடித்து வந்தார். கொஞ்ச நாளில் தோட்டம் முழுக்கச் சுருண்டது. சுற்றிலும் காய்ந்து கிடந்த தோட்டங்களுக்கு நடுவே எங்களுடையது மட்டும் சுருங்கிய இலையோடு பச்சையாக நின்றது. கோணல் கோணலாகக் கொஞ்சம் காயும் பிடித்தது.

அந்த நாட்களில் கோயில்பிள்ளை மதியம் தோட்டத்தில்தான் இருப்பார். வைரஸிடம் அண்ணனைப் பற்றிப் பேசினாராம். அண்ணன் தோட்டத்தில் இருந்தது தன் உறவுதான் என்று அது ஒத்துக்கொண்டதாம். அந்த வருஷம் தண்ணீர் நிறைய இருந்தது என்றும் சொன்னதாம். இவர் எழுந்து வந்தாராம்.

தை பாதியில் யாரும் எதிர்பாராமல் மூன்று நாள் மழை. நாலாம் நாள் காலை வைரஸ் எங்கள் வாசலுக்கு வந்தது. வெள்ளை ஈக்குச் சிறகெல்லாம் ஈரம்.

"ஆரம்பிச்சிட்டேன் அண்ணாச்சி," என்றது. "நிறுத்த முடியல. பிடுங்கிருங்க."

இருவரும் போனோம். பிடுங்கும் முன் ஒவ்வொரு செடியிடமும் கேட்டோம். எந்தச் செடியும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆறாவது பாத்திக்கு வந்தபோது அவர் கை நின்றது. என்னைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். வேர் நினைத்ததைவிட ஆழமாகப் போயிருந்தது. மண் உதிர வெகுநேரம் ஆனது. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் போனபோது நிலம் இல்லை. நாலு பக்கமும் வரப்பு மட்டும் இருந்தது. நிலம் அதன் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகவும், பங்குனி பிறந்ததும் வந்துவிடும் என்றும் வரப்பு சொன்னது. கோயில்பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நிலம் புறப்படும்போது ஏதாவது சாப்பிட்டதா என்று நான் வரப்பிடம் கேட்டேன்.

கஞ்சி மட்டும் குடித்ததாம்.